ஸ்பேர் பார்ட்ஸ் கடை வேலையில் அப்படி என்னதான் கஷ்டம்?

கேள்வி இதுதான்: ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டர் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் ஏற்கெனவே அந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் சலித்துக்கொண்டே பேசுகிறார்கள். அப்படி என்ன கஷ்டம் அங்கே, சேரலாமா வேண்டாமா?

நான் 14 வருஷம் கவுண்டரில் நின்றவன். கோபமாகப் பேசும் வாடிக்கையாளர்கள், நாள் முழுக்க நிற்கும் கால்வலி, கம்மியான சம்பளம் எல்லாம் உண்மைதான். ஆனால் அவை எந்தக் கடை வேலையிலும் இருப்பவை. இந்த வேலைக்கே உரிய சலிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கடைக்கு வருபவர் பெரும்பாலும் ஓர் ஊகத்தோடு வருகிறார். அந்த ஊகத்துக்கு ஏற்ற பார்ட்டை எடுத்துக் கொடுப்பது நம் வேலை. ஊகம் தப்பாகிவிட்டால் பழி நம் தலையில் விழும். அந்த வண்டியை நாம் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டோம். ஆனாலும் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

ஓர் உதாரணம். "வண்டி ஸ்டார்ட் ஆகலை, செல்ஃப் மோட்டார் ஒண்ணு குடுங்க" என்று ஒருவர் வருவார். ஸ்டார்ட் ஆகவில்லை என்பதிலேயே இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. சாவியைத் திருப்பினால் செல்ஃபே (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்) எடுக்கவில்லையா? அல்லது செல்ஃப் எடுத்து இன்ஜின் சுற்றியும் பிடிக்கவில்லையா? முதலாவது என்றால் பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர், மோட்டாருக்குக் கரண்ட் விடும் ஸ்விட்சான சொலினாய்டு எல்லாம் பார்த்த பிறகுதான் மோட்டார். இரண்டாவது என்றால் செல்ஃப் மோட்டாருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எரிபொருள் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்கப் போக வேண்டும். இதைக் கேட்டால், "மெக்கானிக் சொல்லிட்டாருங்க, நீங்க எடுத்துக் குடுங்க" என்பார். சரி என்று எடுத்துக் கொடுப்போம். மறுநாள் கிரீஸ் விரல் அடையாளத்தோடு அதே மோட்டார் கவுண்டருக்குத் திரும்பி வரும். "நீங்க குடுத்தது டூப்ளிகேட்டுங்க" என்ற வார்த்தையும் கூடவே வரும்.

இப்போது இதில் ஒரு புதிய வகை சேர்ந்திருக்கிறது. போனோடு இணைத்து இன்ஜின் கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் கோளாறுக் குறியீடு) படிக்கும் சின்னக் கருவி பலரிடமும் இருக்கிறது. திரையில் பி0171 என்று வந்தால், கலவையில் காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று அர்த்தம். உடனே, புகையில் இருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் கேட்டு வருகிறார்கள். அந்தச் சென்சார் பாவம், தான் கண்டதைச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். எங்கோ ஒரு வேக்யூம் ஹோஸ் வெடித்திருக்கலாம், ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம், எரிபொருள் அழுத்தம் குறைந்திருக்கலாம். பி0420 வந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சைலன்சர் பைப்பில் ஓர் ஓட்டை இருந்தாலும் அதே கோடு வரலாம். எந்த இடத்தில் கோளாறு தெரிகிறது என்பதைத்தான் கோடு சொல்லும். எந்தப் பார்ட்டை மாற்ற வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. இதை விளக்க இரண்டு நிமிஷம் போதும். ஆனால் பின்னால் ஆறு பேர் நிற்கும்போது அந்த இரண்டு நிமிஷம் கிடைப்பதில்லை.

அடுத்தது அளவு. இதை ஒரு சம்பவமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்களுக்கும் இது நடக்கும். கடை மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒருவர் பாலிதீன் கவரில் ஒரு வீல் பேரிங்கைப் போட்டு எடுத்து வந்தார். முழுக்கக் கறுத்த கிரீஸ், நம்பர் தேய்ந்துபோயிருந்தது. "உள் அளவு 17 மில்லி, நானே அளந்துட்டேன். ஒண்ணு குடுங்க" என்றார். 17 மில்லிமீட்டர் உள் அளவில் 6003, 6203, 6303 என்று பல பேரிங் நம்பர்கள் இருக்கின்றன. 6203-இன் வெளி அளவு 40, தடிமன் 12. 6303-இன் வெளி அளவு 47, தடிமன் 14. இன்னொரு வம்பும் உண்டு. 6204-க்கும் வெளி அளவு 47, தடிமன் 14 தான். உள் அளவு மட்டும் 20. அதாவது 6303-ஐயும் 6204-ஐயும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் வெளிப்பக்கம் ஒரே மாதிரி தெரியும். ஹப்பில் இரண்டும் கச்சிதமாக உட்காரும். ஆக்சிலில் ஒன்றுதான் சரியாக ஏறும்.

பேரிங்கைத் துணியால் துடைத்து, வெர்னியரை (துல்லியமாக அளக்கும் கருவி) வைத்து மூன்று அளவும் எடுத்தேன். 17, 47, 14. அலமாரியிலிருந்து 6303 எடுத்து வைத்தேன். அவருக்குக் கோபம். "17-னு நான்தான் சொன்னேனே, அப்புறம் எதுக்கு மறுபடி அளக்குறீங்க?" அவர் சொன்னது தப்பில்லை, போதவில்லை என்பதுதான் விஷயம். சொல்வது சரியாக இருந்தும் போதாமல் இருப்பதை ஒருவருக்கு அவர் மனம் நோகாமல் புரியவைப்பது இந்த வேலையின் பாதி. அதை யாரும் கற்றுத் தருவதில்லை.

பழைய பார்ட்டை சாம்பிளாகக் கொண்டு வரச் சொல்வது அதனால்தான். அலட்சியம் என்று நினைக்கிறார்கள். போனிலேயே சொல்லக்கூடாதா என்கிறார்கள். ஒரே வண்டி, ஒரே மாடல், ஒரே வருஷம் என்றாலும் தயாரிப்பாளர் நடு வருஷத்தில் பிரேக் செட்டை மாற்றியிருப்பார். பிப்ரவரியில் வந்த வண்டிக்கு ஒரு பேட், செப்டம்பரில் வந்ததற்கு இன்னொரு பேட். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வண்டியும் ஒன்றுதான். இந்தக் குழப்பத்துக்கு, ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள சேஸிஸ் நம்பர்தான் மருந்து. 17 எழுத்தும் எண்ணும் கலந்த அந்த நம்பரில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பிவிடும் என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். யாராவது போனில் "ஓ" என்று படித்தால் அது சுழியம்தான். வேலைக்குப் போகிறீர்கள் என்றால் இதை முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நிறைய நேரம் மிச்சமாகும். ஆனால் சேஸிஸ் நம்பர் கேட்டால் பத்தில் ஏழெட்டுப் பேர் முகம் சுளிப்பார்கள். "எனக்கு வெறும் ஃபில்டர் வேணும், அதுக்கு எதுக்கு அதெல்லாம்?"

இடது வலது விவகாரமும் இப்படித்தான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னே பார்க்கும்போது எது இடதோ அதுதான் இடது. வண்டிக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு வந்து கேட்டால் ஹெட்லைட் மாறிப்போகும். நான் "இடதா வலதா" என்று கேட்பதையே நிறுத்திவிட்டேன். "டிரைவர் பக்கமா, எதிர்ப் பக்கமா?" என்றுதான் கேட்பேன்.

கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் முறை மாறுவது இன்னொரு தலைவலி. ஸ்பார்க் பிளக்கில் என்ஜிகே கம்பெனி என்றால் வெப்ப எண் ஏற ஏற பிளக் குளிர்ந்த வகை, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும் வகை. பாஷ் கம்பெனி பிளக்கில் நேர் தலைகீழ், எண் இறங்க இறங்கத்தான் குளிர்ந்த வகை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுக்கும்போது எண்ணை மட்டும் ஒப்பிட்டால் தப்பாகிவிடும். இதெல்லாம் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் கவுண்டரில் ஒரே சட்டை, பெரும்பாலும் ஒரே சம்பளம்தான். இந்த வேலைக்குத் தேவைப்படும் அறிவை வெளியாட்கள் மட்டுமல்ல, முதலாளிகளே பல இடங்களில் மதிப்பதில்லை. "பில் போட்டு எடுத்துக் குடுக்குற வேலைதானே" என்று அவர்கள் சொல்லிக் கேட்கும்போது உண்மையாகவே வலிக்கும்.

என் கூட வேலை பார்த்த ஒரு அக்காவுக்கு இது இரண்டு மடங்கு. கடையிலேயே கிளட்ச் வரிசை முழுவதையும் பார்ட் நம்பரோடு மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் அவர்தான். வருபவர்கள் அவரைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள். "ஏம்மா, உள்ளே வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்பார்கள். நான் போய் நிற்பேன். அவர்கள் என்னிடம் கேட்பார்கள், நான் அந்த அக்காவிடம் கேட்டு, அவர் சொன்ன பதிலை அப்படியே சொல்வேன். அதே பதில் என் வாயிலிருந்து வந்ததும் தலையாட்டிவிட்டு வாங்கிப் போவார்கள். அவர் மூன்று வருஷத்தில் வேலையை விட்டுவிட்டார். அந்த நஷ்டத்தை எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டாது.

சரி, பேட்டரி. ரிட்டர்ன் சண்டைகளில் பாதி பேட்டரியைச் சுற்றித்தான் இருக்கும். "வாங்கி நாலு மாசம்கூட ஆகலை, டெட்டாயிடுச்சு, மாத்திக் குடுங்க." முழுசாகச் சார்ஜ் ஆன நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வரவில்லை என்றால், இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. பேட்டரியின் மேல் குற்றம் இல்லை. புதுப் பேட்டரி கொடுத்தாலும் இரண்டே நாளில் அதே நிலைதான். இதைச் சோதித்துப் பார்க்கப் பழைய பேட்டரியை முதலில் மெதுவாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். "வாரண்டி இருக்கும்போது எதுக்கு நாள் கடத்துறீங்க?" என்பார்கள். நாம் நாள் கடத்தவில்லை. ஆனால் அவர் வேலைக்குப் போக வேண்டிய வண்டி நின்றுகொண்டிருக்கிறது, அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டு நியாயங்களும் கவுண்டரின் இரு பக்கம் நிற்கும். நடுவில் தயாரிப்பாளரின் வாரண்டி விதி இருக்கும், அதை எழுதியவர் அங்கே இருக்க மாட்டார்.

கழற்றி மாட்டிய எலெக்ட்ரிக்கல் பார்ட்டைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பல கடைகளில் எழுதி ஒட்டியிருப்பதற்கும் காரணம் உண்டு. தப்பான கனெக்‌ஷன் கொடுத்து ஒரு நொடி மாட்டினாலே உள்ளே இருக்கும் சர்க்யூட் போய்விடலாம், வெளியே ஒன்றும் தெரியாது. அதை வாங்கி அலமாரியில் வைத்தால் அடுத்து வருபவருக்கு அந்தச் செத்த பார்ட்தான் போகும்.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். புதுப் பெட்டிக்குள் பழைய பார்ட்டை வைத்து, டேப் ஒட்டி, "பொருந்தலைங்க" என்று திருப்பிக் கொடுப்பார்கள். ஒருமுறை நாங்கள் பெட்டியைத் திறந்து பார்க்காமல் வாங்கி வைத்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்து வெகு தூரத்திலிருந்து வந்த ஒருவருக்கு அந்த ஆல்டர்னேட்டரைக் கொடுத்தோம். அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே துருப்பிடித்த புல்லியோடு பழையது. திரும்பி வந்தபோது அவர் கத்தவில்லை. பெட்டியைக் கவுண்டரில் வைத்துத் திறந்து காட்டினார், அவ்வளவுதான். அன்றிலிருந்து போகிற பெட்டியையும் வருகிற பெட்டியையும் வாடிக்கையாளர் கண் முன்னால் திறந்து பார்த்துவிட்டுத்தான் விடுவேன். சிலர் "என்னைத் திருடன்னு நினைக்கிறீங்களா?" என்பார்கள். யாரோ ஒருவர் செய்ததற்கு இன்னொருவரிடம் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலாளி பக்கத்திலிருந்து வரும் தொல்லைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இவை உங்களுக்கே தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் ஸ்டாக்கில் ஒன்று என்று காட்டும், அலமாரியில் இருக்காது. அதை நம்பிப் போனில் "இருக்குங்க, வாங்க" என்று சொல்லியிருப்போம். கவுண்டரில் இரண்டு பேர், ஓயாமல் அடிக்கும் போன், எதிரே வரிசை. இதில் பிரேக் பேட் வாங்க வந்தவரிடம் வைப்பரும் வாசனைப் புட்டியும் விற்றாயா என்று மாலையில் கணக்குக் கேட்பார்கள். பேட் வாங்குபவரிடம் டிஸ்க் தேய்மானத்தை அளந்தாரா என்று கேட்பது அவருக்கு உதவும் கேள்வி. வாசனைப் புட்டி அப்படி இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஆளை அளக்கும்போது, உதவியாகக் கேட்கும் கேள்வியைக்கூட வாடிக்கையாளர் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பிக்கிறார்.

உடம்புக்கும் வேலை உண்டு. கார் பேட்டரி ஒன்று பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ வரை இருக்கும், லாரி பேட்டரி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஏணியில் நின்று பிரேக் டிரம் இறக்குவது, பேட்டரி ஆசிட் பட்டுச் சட்டையில் ஓட்டை விழுவது எல்லாம் பழகிவிடும். முதுகை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலை மடக்கித் தூக்குங்கள், குனிந்து தூக்காதீர்கள்.

இவ்வளவு சலிப்பிலும் நான் ஏன் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஒருவர் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கையில் கொண்டு வந்தார். "மூடி சரியா உட்கார மாட்டேங்குது, மூடி மட்டும் ஒண்ணு குடுங்க." வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மூடிக்குள் இருக்கும் ரப்பர் ஊறிப்போய், அலையலையாக நெளிந்து, தன் பள்ளத்தைவிடப் பெரிதாகிப் பிதுங்கிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினால் பிசுபிசுவென்று இருந்தது. "கடைசியா என்னங்க ஊத்துனீங்க?" என்றேன். "அளவு குறைஞ்சிருந்தது, வீட்டுல இருந்த இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் ஊத்தினேன். எல்லாம் ஆயில்தானே?"

பெயர்தான் ஆயில். பிரேக்கில் ஊற்றும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 எல்லாம் கிளைகால் என்ற ரசாயன வகைத் திரவங்கள் (டாட் 5 மட்டும் சிலிக்கான், அதை இவற்றோடு கலக்கவே கூடாது). பிரேக் சீல் ரப்பர் இந்தத் திரவத்துக்கென்றே செய்தது. அதில் இன்ஜின் ஆயில் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். மூடியில் இருக்கும் ரப்பர் இந்தக் கதிக்கு வந்திருந்தால், நாம் மிதிக்கும் அழுத்தத்தைப் பிரேக்குக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சீலும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் போகலாம், ஒரு நாள் மிதித்தால் பிடிக்காமலும் போகலாம். மூடி மட்டும் கொடுக்க மாட்டேன், வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்து மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள் என்றேன். "மூடி கேட்டா மூடி குடுக்க வேண்டியதுதானே உன் வேலை?" என்று சத்தம் போட்டார். முதலாளி உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் எதுவும் வாங்காமல் போய்விட்டார். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை, வேறு கடையில் மூடியை வாங்கி மாட்டிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருப்பாரோ என்று.

நாலு நாள் கழித்து வந்தார். மெக்கானிக் எழுதிக் கொடுத்த பட்டியல் கையில் இருந்தது. மாஸ்டர் சிலிண்டர், முன்பக்கக் காலிப்பர் சீல் கிட் இரண்டு, பின்பக்க வீல் சிலிண்டர் இரண்டு, ஹோஸ் எல்லாம், கூடவே அந்த மூடியும். பேசவில்லை. பட்டியலை என் பக்கம் தள்ளிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் வரை நின்றுகொண்டிருந்தார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சேரலாம். வண்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதில் உங்களுக்கு உண்மையான ஆசை இருந்தால் இதைப்போலக் கற்றுக்கொள்ள இன்னொரு இடம் கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டிகளின் உடைந்த பார்ட்கள் உங்கள் கைக்கு வரும். எது எப்படித் தேய்ந்து உடைகிறது என்பது இரண்டு வருஷத்தில் விரலுக்கே தெரிந்துவிடும். சொந்தமாக ஒரு வெர்னியர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும், தப்பாகப் போன ஒவ்வொரு பார்ட்டையும் ஏன் தப்பாகப் போனது என்று அதில் எழுதுங்கள். நல்ல மெக்கானிக் நாலு பேரோடு பழகுங்கள், தெரியாததை அவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஆனால் சேர்வதற்கு முன்னால் முதலாளியிடம் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். பார்ட் தப்பாகப் போய்த் திரும்பி வந்தால் அந்த நஷ்டம் யார் கணக்கில் சேரும்? பிரேக், ஸ்டீயரிங் போன்றவற்றில் எனக்குச் சந்தேகம் இருந்தால், விற்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? முதல் கேள்விக்கு "உன் சம்பளத்துல பிடிப்போம்" என்று பதில் வந்தால் சேராதீர்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் சிரித்தாலும் சேராதீர்கள்.